சொந்தச் சதுரம்

போன மாதம் கார்த்திகா தொலைபேசியில் அழைத்தாள். நான் இருந்த மேசையில் இப்போது இருப்பவள் அவள். கோயம்புத்தூர்ப் பெண். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அவளுடைய தாயின் வயது என்பதை நாங்கள் இருவருமே கண்டுகொள்வதில்லை.

"அக்கா, ஒரு டவுட்டு. சொந்தச் சதுரம்னு ஒரு ரூல் இருக்குல்ல, அதை எடுத்துடலாமான்னு மீட்டிங்ல பேசுறாங்க. இப்ப சாட்டிலைட் படத்தைப் பாத்து மெஷினே கலர் போட்டுடுது. மெஷினுக்கு ஏது சொந்தக்காரங்க? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன். யோசித்துப் பார்த்ததில் ஒரு வரியில் அடங்கும் பதில் வரவில்லை. வந்ததை எழுதுகிறேன்.

ஊரை விட்டு லண்டனுக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பகலில் சுப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்கினேன். மாலையில் புவியியல் படித்தேன். படித்து முடித்ததும் அரச வரைபட அலுவலகம் ஒன்றில் கிடைத்த முதல் வேலை, கோட்டின்மேல் கோடு போடுவது. பழைய கடதாசி வரைபடங்களைப் பெரிய மேசையில் விரித்து, உயரக் கோடுகளின்மேல் எலி போன்ற ஒரு கருவியை நகர்த்தி நகர்த்திக் கணினிக்குள் ஏற்ற வேண்டும். நான் ஒருநாளும் கண்டிராத மலைகளையெல்லாம் என் வலது கை ஏறி இறங்கியது. பிறகு ஆற்று வெள்ளம், பிறகு கடலரிப்பு. இருபது வருடம் அப்படிப் போயிற்று. அதன் பிறகுதான் என்னை நெருப்புக்கு மாற்றினார்கள்.

நெருப்பு என்றால் காட்டுத்தீ. நாட்டைக் கிலோமீற்றர் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் என்ன வளர்கிறது, நிலம் எவ்வளவு சரிவு, எவ்வளவு விரைவாகக் காயும், முன்பு எங்கே எரிந்தது, வீடுகள் எவ்வளவு கிட்ட என்று பார்த்து, வெளிர் மஞ்சளிலிருந்து சிவப்பு வரை ஐந்து நிறங்களில் ஒன்றைப் போடுவது எங்கள் வேலை. வைக்கோல் எரிவதற்கும் வாழை எரிவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நாடு முழுவதற்கும் எழுதி வைப்பதுதான் அது. எங்கள் நிறத்தைப் பார்த்துத்தான் தீயணைப்புப் படைகள் வண்டி வாங்கின. உள்ளூர்க் கவுன்சில்கள் எங்கே பற்றையை வெட்டி, நெருப்பு தாண்டாதபடி வெறும் நிலமாகப் பாதுகாப்புப் பட்டி போடுவது என்று முடிவு செய்தன. சிவப்புக்கு முதலிடம். மற்றவை காசு மிஞ்சினால்.

சொந்தக்காரர்களுக்கு இது பெரிய பகிடி. ஸ்ட்ரெதமில் ஒரு கல்யாண வீட்டில் என் ஒன்றுவிட்ட அண்ணை பந்தியில் வைத்துக் கேட்டார்: "தங்கச்சி, இந்த நாட்டிலை மழை நிண்டாத்தானே நெருப்புப் பிடிக்கும்? உனக்குச் சும்மாதானே சம்பளம் தாறாங்கள்?"

"ஓம் அண்ணை. குடையோட போய்த்தான் நெருப்புத் தேடுறன்" என்றேன். பந்தி சிரித்தது. ஆனால் குடையோடு போனது உண்மை.

எங்களுக்கு மேலதிகாரி ஹெலன். உயரமான மனுசி, கட்டையாக வெட்டிய நரைமுடி. எல்லாக் காலத்துக்கும் ஒரே மழைக்கோட்டு. பிழை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. பக்கத்தில் வந்து நின்று, பென்சிலின் பின்பக்கத்தைத் திரையில் ஓர் இடத்தில் வைத்து, "இங்கே யார் நின்று பார்த்தது?" என்று கேட்பார். யாரும் நிற்கவில்லை என்றால் பென்சிலை எடுக்க மாட்டார். நாங்கள் பதில் சொல்லும்வரை அது அங்கேயே இருக்கும். அந்தப் பென்சிலுக்கு நாங்கள் பயந்ததுபோல் மந்திரிக்கும் பயந்ததில்லை.

முதல் வருடம் நாடெங்கும் உள்ள தீயணைப்புப் படைகளிடமிருந்து பழைய தீ விபத்துத் தரவுகளை வாங்கி வரைபடத்தில் போட்டோம். போட்டு முடித்துப் பார்த்தால், இந்த நாட்டில் பற்றைகளைவிடக் கார் நிறுத்துமிடங்கள்தான் அதிகம் எரிந்திருந்தன. என் பக்கத்து மேசையில் இருந்த கெரத், "வேலை முடிந்தது. கார் நிறுத்துமிடங்களைத் தடை செய்தால் போதும்" என்றான். கெரத் வேல்ஸ்காரன். அவன் பிறந்த பள்ளத்தாக்கில் ஒவ்வொரு வசந்தத்திலும் மலைப்புல் எரியும் என்றும், அந்த மணம் வந்தால்தான் தன் அம்மா குளிர்காலப் போர்வைகளைத் தோய்க்கத் தொடங்குவார் என்றும் சொல்லுவான்.

ஹெலனின் பென்சில் ஒரு கார் நிறுத்துமிடத்தின்மேல் வந்து நின்றது. அடுத்த நாள் நாங்கள் எல்லோரும் ரயிலும் பஸ்ஸும் பிடித்து அங்கே போய் நின்றோம். ஊசியாய்க் குத்தும் காற்று. ஹெலன் கெரத்தைப் பார்த்து, "நீ தீயணைப்பு வண்டி ஓட்டுகிறாய். மலை எரிகிறது. வா" என்றார். கெரத் கைகளை ஸ்டியரிங்போல் பிடித்துக்கொண்டு, வாயால் சைரன் அடித்தபடி ஓடிவந்தான். நாயோடு நடக்க வந்த ஒரு கிழவர் பயந்து ஒதுங்கினார். எதிரே பூட்டிய கேற். அதற்கப்பால் வண்டி போகாது. கெரத் நின்றான். "எங்கே நிற்கிறாய்?" என்று கேட்டார் ஹெலன். "கார் நிறுத்துமிடத்தில்." "எங்கே எரிகிறது?" அவன் தூரத்து மலையைக் காட்டினான்.

படைகள் எங்களுக்குத் தந்தது நெருப்பு எரிந்த இடத்தை அல்ல, வண்டி நின்ற இடத்தை. அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் நெருப்புகளைத் தூக்கி அவற்றின் மலைகளில் திருப்பி வைத்தோம். தீயணைப்பு நிலையங்களுக்குத் தொலைபேசி எடுத்து, "அன்றைக்கு நீங்கள் எந்தப் பக்கம் ஓடினீர்கள்?" என்று கேட்பேன். அவர்களுக்கும் கதைக்க ஆள் தேவைப்பட்டது. "அதுவா? அது பள்ளத்துக்கு அந்தப் பக்கம். செம்மறிகள் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றன" என்று ஒருவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. என் வேலைக் காலத்தில் மிகவும் சந்தோசமான மாதங்கள் எவை என்று கேட்டால் அவற்றைத்தான் சொல்லுவேன். வெளியே மழை, உள்ளே ஹீற்றர், காதில் முன்பின் தெரியாத ஒருவரின் நெருப்புக் கதை.

இனிச் சொந்தச் சதுரத்துக்கு வருகிறேன்.

நிறம் போடத் தொடங்குமுன் ஹெலன் எங்கள் எல்லோரையும் சுவர் வரைபடத்துக்கு முன்னால் கூப்பிட்டார். கையில் ஒரு பெட்டி குண்டூசி. அவரவர் வீடு இருக்கும் இடத்திலும் நெருங்கிய சொந்தக்காரர் இருக்கும் இடத்திலும் ஊசி குத்த வேண்டும். ஊசி குத்திய சதுரத்தைக் குத்தியவர் தொடக் கூடாது. இன்னொருவர்தான் நிறம் போடுவார். ஹெலன் ஒன்று குத்தினார், அது அவருடைய வீடு. கெரத் மூன்று குத்தினான். நான் எங்கள் வீடு இருக்கும் கோலியர்ஸ் வுட்டில் தொடங்கி ஸ்ட்ரெதம், செவன் கிங்ஸ் என்று போய், பேர்மிங்காம், லெஸ்ட்டர் வரை குத்திக்கொண்டே போனேன். பெட்டி காலியாகத் தொடங்கியது.

"நீ எங்களுக்கு ஏதாவது விட்டு வைப்பாயா?" என்றான் கெரத்.

ஹெலன் கேட்டார்: "இது யார்?"

"என் அண்ணன்."

"நீ மூத்த பிள்ளை என்று சொன்னாயே?"

"பெரியப்பாவின் மகன். எங்கள் ஆட்களில் அதுவும் அண்ணன்தான்."

ஹெலன் பெட்டியில் மிஞ்சிய ஊசிகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எந்த வீடு எரிந்தால் அடுத்த நாள் உன்னால் வேலைக்கு வர முடியாதோ, அந்த வீட்டுக்கு மட்டும் குத்து."

கடினமான வேலை அது. ஒவ்வொரு ஊசியாகக் கழற்றினேன். பந்தியில் பகிடி பண்ணிய அண்ணையின் ஊசியையும் கழற்றினேன், பிறகு மனம் கேளாமல் திருப்பிக் குத்தினேன்.

சில வருடங்களுக்குப் பிறகு என் மகன் கீர்த்தனும் மருமகள் ஜனனியும் வீடு வாங்கினார்கள். பேத்தி மித்ரா அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். ஜனனி செவன் கிங்ஸில் பிறந்து வளர்ந்தவள்; பிள்ளை ஓடி விளையாடத் தோட்டம் வேண்டும் என்று லண்டனுக்குத் தென்மேற்கே ஒரு மணி நேர ரயில் தூரத்தில், ஒரு ஹீத்தின் விளிம்பில் வீடு பார்த்தாள். ஹீத் என்பது மணல் தரையில் குட்டைப் பற்றைகள் படர்ந்த வெளி. அரைத் தேசத்துக்கு உல்லாசம், எங்களுக்கு எரிபொருள்.

வசந்த காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பால் காய்ச்சினார்கள். புது அடுப்பின் சூடு யாருக்கும் பிடிபடவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்து புகைந்து, புகை அலாரம் கத்தத் தொடங்கியது. எல்லோரும் சிரித்தோம். புகையை வெளியே விட நான் பின்கதவைத் திறந்தேன். திறந்ததும் ஒரு மணம் உள்ளே வந்தது.

"ஆர் தேங்காய் திருவுறது?" என்று கேட்டார் ஜனனியின் அம்மா.

யாரும் திருவவில்லை. எனக்குத் தெரியும் அது என்னவென்று. கோர்ஸ் என்றொரு முட்பற்றை இங்கே உண்டு. அதன் மஞ்சள் பூ வெயிலில் அச்சொட்டாகத் தேங்காய் மணம் மணக்கும். பச்சையாக நிற்கும்போதே எண்ணெய் ஊற்றியதுபோல் எரியும். உள்ளுக்குள் பழைய முள்ளெல்லாம் காய்ந்து கிடக்கும். தோட்டத்து வேலிவரை நடந்தேன். வேலிக்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் மஞ்சள். இன்னும் வெளிவராத எங்கள் வரைவு வரைபடத்தில் இந்த ஊர் இரண்டாவது நிறம், வெட்டிப் பராமரிக்கும் புல்வெளி என்று பதிவாகியிருந்தது. போன வாரம்தான் பார்த்திருந்தேன்.

கீர்த்தன் பக்கத்தில் வந்தான். "அம்மா, பூவைப் பாக்கிறியளோ, நெருப்பைப் பாக்கிறியளோ?"

"ரெண்டையும்தான். இந்தப் பற்றையை வெட்டேலாதோ?"

"அது கவுன்சில் காணி. குருவி கூடு கட்டுது எண்டு தொட விடமாட்டாங்கள். நல்ல நாளும் அதுவுமா விடுங்கோவன்."

திங்கட்கிழமை நேரே ஹெலனிடம் போனேன். "ஒரு சதுரத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். என் மகன் அங்கே வீடு வாங்கியிருக்கிறான்" என்றேன். அவர் ஊசிப் பெட்டியை நீட்டினார். குத்தினேன். நான் கண்டதைச் சொல்ல வாய் திறந்தபோது உள்ளங்கையை உயர்த்தினார்.

"நீ கண்டதைச் சொன்னால் போகிறவரும் அதையே காண்பார். பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாய். அதற்குமேல் அது உன்னுடையதல்ல."

அன்று பின்னேரம் அந்தச் சதுரமும் அதைச் சுற்றியுள்ளவையும் என் திரையில் சாம்பல் நிறமாயின. திறக்க முடியாது. போய்ப் பார்க்கும் வேலை கெரத்துக்குக் கொடுக்கப்பட்டது.

அவன் போய் வந்த அடுத்த நாள் சப்பாத்தில் இன்னும் சேறு இருந்தது. வழமைபோல் இருவரும் ஒன்றாக மத்தியானம் சாப்பிட்டோம். நான் கடலை வடை கொண்டுபோயிருந்தேன். சும்மா அல்ல.

"நேற்று மழையோ?" என்றேன்.

"மழை."

"அப்ப நிலம் ஈரமாக இருந்திருக்கும்."

"வடை நன்றாக இருக்கிறது" என்றான்.

"அங்கே நிறையச் சரிவோ?"

"இன்னொரு வடை எடுக்கலாமா?"

வடை முழுவதும் முடிந்தது. எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

வரைபடம் வெளியானபோது எல்லோரோடும் சேர்ந்துதான் நானும் பார்த்தேன். மகனின் சதுரம் ஒரு படி ஏறி நடு நிறமான செம்மஞ்சளுக்கு வந்திருந்தது. அதற்குத் தெற்கே உள்ள சதுரம் சிவப்பு. அங்கே சரிவின் மேல் முனையில் ஒரு முதியோர் இல்லம். கீழிருந்து மேல்வரை இடைவெளி இல்லாத கோர்ஸ். போக வர ஒரே ஒரு ஒடுங்கிய பாதை. மகனின் பக்கம் நிலம் மட்டம், பற்றைக்கு நடுவே ஈரப் பள்ளங்கள் என்று கெரத் குறிப்பிட்டிருந்தான். நான் வேலியில் நின்று கண்ட மஞ்சளுக்கு நடுவே பள்ளம் எதுவும் இருக்கவில்லை. அல்லது எனக்குத் தெரியவில்லை.

ஹெலனின் அறைக்குப் போனேன். "அது சிவப்பாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்."

"உன் மகன் அங்கே இல்லாவிட்டாலும் அப்படி நினைப்பாயா?"

"நினைத்திருக்கலாம்."

"இருக்கலாம்" என்று அவரும் ஒத்துக்கொண்டார். "நினைக்காமலும் விட்டிருக்கலாம். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதற்காகத்தான் ஊசி." பிறகு எழுந்துபோய் எனக்குத் தேநீர் ஊற்றினார். அவர் யாருக்கும் தேநீர் ஊற்றி நான் கண்டது அன்றைக்குத்தான்.

கவுன்சில் முதியோர் இல்லத்துக்குக் கீழே பற்றையை வெட்டி அகலமான பட்டி ஒன்று போட்டது. மகனின் வீட்டுப் பக்கம் போடவில்லை. காசு மிஞ்சவில்லை.

அதற்கடுத்த வருடம் ஆட்களைக் குறைத்தார்கள். முன்கூட்டியே ஓய்வுபெற விருப்பமா என்று கேட்டபோது ஓம் என்றேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. பேத்தியோடு விளையாடலாம் என்று நினைத்தேன்.

சென்ற கோடையில் வாரக் கணக்காக மழை இல்லை. கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள புல் வைக்கோல் நிறமாகியிருந்தது. ஒரு நாள் பின்னேரம் ஜனனி தொலைபேசியில் வந்தாள். கீர்த்தன் லண்டனில் வேலையில். வீட்டில் அவளும் பிள்ளையும் மட்டும்.

"மாமி, பின்னால புகை. நிறையப் புகை. காருக்குள்ள ஏறீட்டன். மித்ரா அழுறா. எந்தப் பக்கம் போறது?"

அந்தக் கேள்வியை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஸ்கொட்லாந்தில் ஒரு கேற் எந்தப் பக்கம் திறக்கும் என்று எனக்குத் தெரியும். வேல்ஸில் எந்தப் பாதையில் வண்டி திரும்ப முடியாது என்று தெரியும். இந்த நாட்டில் பார்க்கக் கூடாது என்று எனக்கு விலக்கி வைத்திருந்த சில சதுரங்களில் ஒன்றுக்குள்தான் என் பேத்தி இருந்தாள். போய் வந்த ஒரு பாதையைத் தவிர அந்த ஊரில் எனக்கு எதுவும் தெரியாது. அந்தப் பாதை ஹீத்தை வெட்டிக்கொண்டு போவது.

"நாங்கள் வாற பாதையால போகாத, பிள்ளை. அதால மட்டும் போகாத" என்றேன். "முன்னுக்கு ஆர் போகினம்?"

"பக்கத்து வீட்டுக்காரர்."

"அவருக்குப் பின்னால போ. ஊர்க்காரருக்குத் தெரியும். போ."

தொடர்பு அறுந்தது. பிறகு எடுத்தபோதெல்லாம் மணி போகவில்லை. என் கணவர் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "எங்க போறது எண்டாவது சொல்லும்" என்றார். எனக்கு அதுவும் தெரியவில்லை. நான் சமையலறைத் தரையில் இருந்துவிட்டேன். என்னால் வேறெங்கும் இருக்க ஏலாது என்று பட்டது.

எவ்வளவு நேரம் என்று கணக்கு வைக்கவில்லை. ஒரு பள்ளிக்கூட மண்டபத்திலிருந்து வேறு யாரோ ஒருவரின் தொலைபேசியில் ஜனனி பேசினாள். பொழுதுபடுமுன் கீர்த்தன் அவர்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். மித்ராவின் தலைமுடியில் புகை மணம். அவளைக் குளிக்க வார்த்து, திரும்பவும் வார்த்தேன். அந்த மணம் போனபிறகும் எனக்குப் போகவில்லை.

வீடு நின்றது. வேலியில் அரைவாசியும் தோட்டத்துக் கொட்டிலும் எரிந்து, பின்பக்க யன்னல்கள் வெடித்திருந்தன. முதியோர் இல்லத்துக்குக் கீழே நெருப்பு பட்டிவரை ஏறி வந்து அங்கே நின்றுவிட்டது. அந்த ஒடுங்கிய பாதையால் எல்லோரையும் வெளியே கொண்டுவர நேரம் கிடைத்தது. தொலைக்காட்சியில் சக்கர நாற்காலிகளைக் காட்டினார்கள்.

ஜனனி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பட்டி உங்கட மெப்பைப் பாத்துத்தானே போட்டவை?"

"ஓம்."

"எங்கட பக்கம் ஏன் போடேல்லை?"

சொன்னேன். ஊசியைச் சொன்னேன், கெரத்தைச் சொன்னேன், சாம்பல் நிறத்தைச் சொன்னேன்.

"அப்ப உங்கட மகன்ர வீடு எண்டு தெரிஞ்சும் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தனீங்கள்."

"ஜனனி..." என்றான் கீர்த்தன்.

"இல்லை, அவ சொல்லட்டும். மாமி, உங்களுக்கு அது இன்னொரு சதுரமோ?"

நான் அழுத்தியிருந்தால், ஹெலன் இளகியிருந்தால், கவுன்சிலின் கொஞ்சக் காசு எங்கள் வேலிக்குப் பின்னால் வந்திருக்கும். முதியோர் இல்லத்துச் சரிவில் பட்டி இருந்திருக்காது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அழுகிற பிள்ளையை ஏற்றிக்கொண்டு புகைக்குள் கார் ஓட்டி வந்தவளிடம் சக்கர நாற்காலிகளை எண்ணிக் காட்டுவது நியாயம் அல்ல. "அது எனக்கு எந்தச் சதுரம் எண்டு உனக்குச் சொல்ல எனக்குத் தெரியேல்லை, பிள்ளை" என்றுதான் சொன்னேன்.

வாரங்கள் போயின. யன்னல்கள் மாற்றியாயிற்று. ஜனனி திரும்பிப் போக மறுத்தாள். அவளுடைய அம்மா, வித்துப்போட்டுச் செவன் கிங்ஸுக்கு வா என்றார். கீர்த்தனுக்கு அந்த வீட்டில் உயிர். இருவரும் எங்கள் வீட்டு மேல்மாடியில் மெதுவான குரலில் சண்டை பிடித்தார்கள். எனக்குக் கேட்காது என்று நினைத்தார்கள். என்னோடு ஜனனி மரியாதையாகத்தான் நடந்தாள். தேத்தண்ணி கேட்டால் தருவாள். கேட்டதற்குமேல் ஒரு சொல் கதைக்க மாட்டாள். முன்பு என் சமையலறையில் நின்று வாயோயாமல் கதைத்தவள்.

ஒரு சனிக்கிழமை காலை அவளாகவே வந்து எதிரில் இருந்தாள்.

"மாமி, இப்ப நீங்கள் ரிட்டயர்ட். இப்ப ஒரு ரூலும் இல்லை. சொல்லுங்கோ. பிள்ளையோட அங்க திரும்பிப் போகலாமோ, போகக் கூடாதோ?"

போ என்று சொல்லியிருக்கலாம். அவள் என்னோடு பழையபடி கதைப்பாள் என்ற ஆசையில் சொன்னதாக இருக்கும். போகாதே என்று சொல்லியிருக்கலாம். மித்ரா என் வீட்டிலேயே இருப்பாள் என்ற ஆசையில் சொன்னதாக இருக்கும். இரண்டு ஆசையும் எனக்குள் இருந்தன. நிலத்தைப் பற்றி ஒன்றும் இருக்கவில்லை.

"என்னட்டைக் கேக்காத" என்றேன். "நான் சொல்லுறது உனக்குப் பிரயோசனப்படாது. பயந்து பயந்துதான் சொல்லுவன். கெரத்தைக் கேள்."

"அந்த மஞ்சள் போட்டவரையோ?"

"செம்மஞ்சள். ஓம், அவரைத்தான்."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பிறகு, "சரி, வரச் சொல்லுங்கோ" என்றாள். குரலில் கோபம் போகவில்லை.

கெரத் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனின் வீட்டுக்கு வந்தான். நானும் மகன் குடும்பமும் முன்பே அங்கே போயிருந்தோம். வாசலிலேயே ஜனனியிடம், "உங்கள் சதுரத்துக்கு நிறம் போட்டது நான். அதை உங்கள் மாமியார் மாற்றவும் இல்லை, மாற்றச் சொல்லி என்னைக் கேட்கவும் இல்லை. எதையாவது எறிய வேண்டுமென்றால் என்மேல் எறியுங்கள்" என்றான். ஜனனி எதையும் எறியவில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு அவனோடு வெளியே போனாள். கீர்த்தனும் போனான். நான் மித்ராவோடு உள்ளே நின்றேன். பின்யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோழிக்கறி வைத்தேன். திரும்பிப் பார்த்தால் என் முகத்தில் ஏதாவது தெரிந்துவிடும், அதை ஜனனி கண்டுவிடுவாள் என்று எனக்குப் பயம்.

அவர்கள் திரும்பி வந்தபோது முழங்கால்வரை கரி. கெரத் கை கழுவப் போனான். ஜனனி கதவடியில் நின்று சப்பாத்தைக் கழற்றினாள்.

"நிலத்தைக் கிண்டிக் கிண்டிப் பாக்கிறார், மாமி. ஈரப் பள்ளம் எல்லாம் காஞ்சு போச்சாம். இவ்வளவு காயும் எண்டு தான் நினைக்கேல்லையாம். அடுத்த மெப்பில சிவப்பு வரும் எண்டு நினைக்கிறார், ஆனா அதையும் வேற ஆள் வந்து பாத்துத்தான் போடோணுமாம். திரும்ப நெருப்பு வருமோ எண்டு கேட்டன். தெரியாது எண்டார். எப்ப வரும் எண்டு கேட்டன். தெரியாது எண்டார்."

"பிறகு?"

"பிறகு எங்கட பைன் மர வேலியைக் காட்டினார். அதால ஏறித்தான் நெருப்பு யன்னலுக்கு வந்ததாம். அது மட்டும் நிச்சயமாத் தெரியுமாம். அரைவாசி இன்னும் நிக்குது. அதை எடுத்துப்போட்டு, வீட்டோட ஒட்டி ஒண்டும் வையாமல் விட்டால், தான் எண்டா இங்கயே இருப்பன் எண்டார்." சப்பாத்துகளை ஒன்றோடொன்று தட்டினாள். கரி உதிர்ந்தது. "எல்லாத்துக்கும் விடை சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டன், மாமி."

மித்ரா ஓடிவந்து தாயின் காலைப் பிடித்தாள். கை கறுத்ததைப் பார்த்துச் சிரித்தாள். ஜனனி அவளைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வேலி எங்கட காணிக்குள்ளதான் நிக்குது. அதை வெட்டுறதுக்கு உங்களுக்கு ஒரு ரூலும் இல்லையே?"

"இல்லை."

"அப்ப வாற சனி விடியவே வாங்கோ. மாமாவையும் மரம் அரியிற வாள் கொண்டு வரச் சொல்லுங்கோ" என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்து, "கறி அடிப்பிடிக்குது, மாமி" என்று கத்தினாள்.